பள்ளி பார்க்கும் படலம்

தை பிறந்தால் நடுத்தர வர்க்கத்து வீடுகளில் வழி பிறப்பதில்லை, வரிசைதான் பிறக்கிறது. மூன்றரை வயதுப் பிள்ளைக்கு எல்.கே.ஜி. இடம் தேடும் வரிசை. எந்த ஸ்கூலில் ஏ.சி. வகுப்பு, எங்கே நீச்சல் குளம், எங்கே ஆறாம் வகுப்பிலேயே ஐ.ஐ.டி. ஃபவுண்டேஷன் என்று ஊரையே சலித்து எடுக்கிறார்கள். கற்பிக்கும் முறை எப்படி என்று கேட்டால் ஸ்மார்ட் போர்டைக் காட்டுகிறார்கள். படிப்பு எப்படி என்றால் வாசல் ஃப்ளெக்ஸ் பேனரைக் காட்டுகிறார்கள். சூழல் என்றால் ரிசப்ஷனில் விரித்த பிளாஸ்டிக் புல். மரங்கள் நின்ற இடத்தில் மஞ்சள் பஸ்கள் நிற்கின்றன.

பெண் பார்க்கிற சடங்கில், செலவு செய்யப்போகிற வீட்டார்தான் பஜ்ஜித் தட்டோடு வந்து நிற்கவேண்டும்; இங்கேயும் அப்படியே. "ஃபாதர் என்ன படிச்சிருக்கார்? மதர் வீட்ல இங்கிலீஷ் பேசுவாங்களா?" முதுகலை படித்த அம்மா உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொள்கிறாள். பிள்ளையிடம் ஒரு வாழைப்பழப் படத்தை நீட்டி "வாட் கலர் இஸ் திஸ்?" என்கிறார்கள். அது தன் புது ஷூவையே பார்த்துக்கொண்டிருக்கிறது. "வீட்ல நல்லா சொல்லுவா மேடம், புது இடம்னு பயப்படறா" என்று அம்மா கெஞ்சுகிறாள். அவள் கெஞ்சத் தேவையே இல்லை. குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துச் சேர்க்கக் கூடாது என்கிறது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 13-ஆம் பிரிவு. முதல் முறை மீறினால் 25,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த முறைக்கு 50,000 வரை. நன்கொடை வாங்கினால் வாங்கியதைப்போல் பத்து மடங்கு வரை. ஆகவே நம்மவர்கள் இன்டர்வியூவுக்கு 'இன்டராக்‌ஷன்' என்றும், நன்கொடைக்கு 'டெவலப்மென்ட் ஃபண்டு' என்றும் பெயர் சூட்டிவிட்டார்கள். சட்டம் திருப்தியாகத் தூங்கப் போய்விட்டது.

கட்டணத்துக்கும் தமிழ்நாட்டில் 2009-இலேயே தனிச் சட்டம் உண்டு. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு உண்டு. பள்ளி வாரியாக, வகுப்பு வாரியாகத் தொகை நிர்ணயிக்கிறார்கள். அந்தத் தொகைக்கு ரசீது, மிச்சத்துக்குத் துண்டுச்சீட்டு.

இத்தனை கேட்கிற பெற்றோர் ஒன்றை மட்டும் கேட்பதில்லை: என் பிள்ளைக்குப் பாடம் நடத்தப்போகிற டீச்சருக்கு நீங்கள் என்ன சம்பளம் தருகிறீர்கள்? எம்.எஸ்சி., பி.எட். முடித்த அந்தப் பெண்ணின் அசல் சான்றிதழ்களை வாங்கி பீரோவில் பூட்டிவைத்திருக்கும் நிர்வாகங்கள் உண்டு. கையெழுத்து ஒரு தொகைக்கு, கையில் வருவது வேறு தொகை என்கிற இடங்கள் உண்டு. மே மாதச் சம்பளம் கிடையாது. ஆனால் அதே மே மாத வெயிலில் வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்து ஆள் பிடிக்கவேண்டும். பாதி வருஷத்தில் அவர் போய்விட, பிள்ளையின் கணக்கு நோட்டில் மூன்றாவது டீச்சரின் கையெழுத்து விழுகிறது. நாமோ ஸ்மார்ட் போர்டு எத்தனை அங்குலம் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

பிளஸ் ஒன் பாடத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்த பள்ளிகள், பெற்றோருக்குத் தெரியாமலா நடத்தின? நாமக்கல் வட்டாரம் வரை விசாரித்துப் போய்ச் சேர்த்தோமே, அதற்காகத்தானே! அதைத் தடுக்க 2017-18-இல் பதினொன்றாம் வகுப்புக்கும் அரசு பொதுத்தேர்வு கொண்டுவர வேண்டியிருந்தது. பிறகு அதையும் எடுத்துவிட்டார்கள். மூட்டை கட்டும் கயிறு இன்னும் பத்திரமாகத்தான் இருக்கும்.

இதெல்லாம் பணம், மார்க்கு. போனால் போகட்டும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் கருகினார்கள். கீற்றுக் கூரை, குறுகலான படிக்கட்டு. அதுவும் தனியார் பள்ளிதான். 2012-இல் தாம்பரம் பக்கத்தில் இரண்டாம் வகுப்புச் சிறுமி பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கிச் செத்தாள். ஓட்டை ஒரே நாளில் விழுந்திருக்காது. கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் இருந்தால்தான் ஒரு பள்ளிக்கு அங்கீகாரம். அட்மிஷன் கவுன்டரில் அவற்றில் ஒன்றையாவது காட்டச் சொன்ன பெற்றோரை யாராவது பார்த்ததுண்டா? இரண்டாவது படிக்கட்டு எங்கே இருக்கிறது என்று கேட்டவர் உண்டா? கழிவறையில் தண்ணீர் வருகிறதா என்று எட்டிப் பார்த்தவர்? குதிரையேற்றம் உண்டா என்று கேட்கிறார்கள் ஐயா, குதிரையேற்றம்!

கேட்டால் பிள்ளைக்கு ஆகாது என்கிறார்கள். "அங்கதானே சார் படிக்கணும்?" படிப்பு முடிந்து டி.சி. கையில் வந்த பிறகும் வாய் திறப்பதில்லை. அப்போது தம்பி அங்கே யு.கே.ஜி.

அபூர்வமாக ஒரு அப்பா கேட்டார். டெர்ம் ஃபீஸுக்கு மேல் கட்டச் சொன்ன தொகைக்கு ரசீது தரச் சொல்லுங்கள் என்று பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினார். பள்ளி பதில் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. "முடியலைன்னா கவர்மென்ட் ஸ்கூல்ல சேர்க்க வேண்டியதுதானே" என்று ஒருவர். அதற்குப் பத்துப் பதினைந்து கட்டைவிரல்கள். சாயங்காலம் அவரைக் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள். தூக்கியது பிரின்ஸிபால் இல்லை. அட்மினாக இருக்கும் இன்னொரு அப்பா. அவரும் அன்று காலையில்தான் அதே துண்டுச்சீட்டை வாங்கியிருந்தார்.