மேலுக்கு நல்ல படிப்பு

வந்தாறுமூலை கம்பஸில் முதலாம் வருஷம் நான் எடுத்த பாடங்களில் ஒன்று மெய்யியல். கேள்விப்பட்டதும் அம்மம்மா முழங்காலை நீட்டிக்கொண்டு, "மெய்யெண்டா மேல்தானே மனே, இந்த நோவுக்கு என்ன எண்ணெய் பூசச் சொல்றாங்க?" என்றார். மெய்க்கு உண்மை என்றும் பொருள் உண்டு என்று விளக்கினேன். "உண்மையாத்தான் நோகுது" என்றார்.

உயர்தரத்தில் அளவையியலும் விஞ்ஞான முறையும் படித்த திமிர் வேறு எனக்கு. எடுகூற்று இரண்டு கிடைத்தால் முடிவு எடுக்காமல் சோறு இறங்காது. எங்கள் வாவியில் மீன் பாடும் என்பார்கள்; அதையே எடுத்துக்கொண்டேன். எல்லா மீனும் பாடும். கெளுத்தி ஒரு மீன். ஆகவே கெளுத்தி பாடும். வாதம் வாய்ப்பானதுதான். அம்மா அகப்பையோடு வந்து, "சட்டிக்குள்ள கிடக்கிறது எப்ப பாடுமாம்?" என்று கேட்டார்.

பிறகு பௌதிகவதீதம். அந்தச் சொல்லைப் பிழையில்லாமல் எழுதவே ஒரு கிழமை போனது.

ஒரே ஆற்றில் இரண்டு தரம் இறங்க ஏலாது என்ற கிரேக்கத்து ஹெரக்கிளிட்டஸை மாமாவிடம் கொண்டுபோனேன். அவர் வீச்சுவலையில் சிக்கியிருந்த பாசியைப் பிய்த்தபடி சொன்னார்: "ஆத்துக்குச் சரி. முகத்துவாரம் மண்மூடிக் கிடக்கக்க இந்த வாவியில இறங்கிப் பார்க்கச் சொல்லு. நேத்தையத் தண்ணிதான்." இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷமாக இதை யாரும் அந்த மனிதரிடம் கேட்கவில்லை.

அந்தப் பாட்டைக் கேட்க ஒரு போயா இரவு மாமா என்னைத் தோணியில் கல்லடிப் பழைய பாலத்தடிக்குக் கூட்டிப்போனார். 1924இல் திறந்த பாலம். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்தேன். பக்கத்து வீட்டில் யாரோ தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பதுபோல ஒரு முனகல். 1848இல் வந்த எமர்சன் டெனன்ட் துரையும் இதைக் கேட்டு எழுதிவைத்திருக்கிறார். மீனில்லை, ஊரி என்ற நத்தைதான் கத்துகிறது என்று அவருக்கே இங்குள்ளவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மாமாவும் ஊரிக் கட்சி.

எனக்கோ அந்தக் கிழமைதான் டேக்காட் பற்றிய விரிவுரை நடந்திருந்தது. எதையும் சந்தேகிக்க வேண்டும். "மீனா ஊரியா எண்டு விடுங்க மாமா, காதே ஏமாத்தலாம். இந்தத் தோணி, நிலவு, நீங்க, எல்லாமே கனவாயும் இருக்கலாம்."

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தோணிக்குள் காலை நீட்டிச் சாய்ந்தார். "கனவுதானே. மறுகா என்ன, வீடு மட்டும் நீயே வலி."

விடிய அம்மம்மாதான் என் தோளில் எண்ணெய் தேய்த்தார். "உன்ட படிப்பில இதுக்கு ஒண்டும் இல்லையா மனே?"