ஊஃபர் முனகலின் பிறப்பியல்

தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்று தனி இயலே உண்டு. உந்தியில் கிளம்பும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் துணையோடு எழுத்தாகிறது என்பது அதன் துணிபு. வரவேற்பறை மூலையில் உட்கார்ந்திருக்கும் சப்ஊஃபருக்குப் பல்லும் இல்லை, நாவும் இல்லை, எல்லாமே உந்திதான். அதனால்தானோ என்னவோ, அது கெட்டுப்போனால் எழுப்பும் ஒலிகளை எந்த இலக்கண ஆசிரியரும் வகைப்படுத்தவில்லை. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை.

மரபுவழிச் சிகிச்சை முதலில். பெட்டியின் தலையில் ஒரு தட்டு; கேட்காவிட்டால், மூடி தொலைந்து ரப்பர் பேண்ட் போட்டிருக்கும் ரிமோட்டின் முதுகில் ஒரு தட்டு. இதைக் கேலி செய்வதற்கில்லை. உள்ளே சால்டர் விட்டுப்போயிருந்தால் தட்டியதில் ஒட்டிக்கொள்ளும், மறுபடி விடும்வரை.

அதிகம் கேட்கக் கிடைப்பது அளபெடை. பாட்டு போட்டாலும் போடாவிட்டாலும் ‘உம்ம்ம்’ என்று நீளும். உயிரளபெடைக்கு இலக்கணம் தருவது 3 மாத்திரை. இதற்கோ கரண்ட் போகும்வரை. வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மூலபாடம் அதுவே. பாடபேதம் எங்கே நுழைந்தது என்று அறிய, பெட்டிக்குப் பின்னால் சொருகியுள்ள ஆடியோ வயரை உருவ வேண்டும். முனகல் நின்றால் நோய் வெளியே. பல வீடுகளில் குற்றவாளி மாடியிலிருந்து செட்டாப் பாக்ஸுக்கு இறங்கும் கேபிள். அது ஒரு வழியிலும் ப்ளக் இன்னொரு வழியிலும் எர்த்தைத் தொட, நடுவில் ஒரு சுற்று உண்டாகி மின்சாரத்தின் முனகல் பாட்டுக்குள் புகுந்துவிடுகிறது. எர்த் பின்னை உடைத்துவிடச் சொல்லும் உரையாசிரியர்களும் உண்டு. முனகல் போகலாம், ஷாக்கில் ஆளும் போகலாம்.

வயரை உருவிய பிறகும் முனகினால் கண்டன்சரைச் சந்தேகிக்கலாம். ஏசியை டிசியாக்கும்போது எஞ்சும் 100 ஹெர்ட்ஸ் மேடுபள்ளத்தைச் சமப்படுத்துவது அதன் வேலை. உள்ளிருக்கும் திரவம் வெப்பத்தில் வற்றினால் வேலை கெடும், தலை அப்பளம்போல் உப்பும். மைக்ரோஃபாரடும் வோல்ட்டும் உடம்பிலேயே அச்சிட்டிருக்கும். அதைக் குறித்துக்கொண்டு சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் மாற்று கிடைக்கும். வோல்ட் கூடலாம், குறையக் கூடாது. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சர் தன் சேமிப்பை உடனே கைவிடுவதில்லை என்பதால் விரல் வைத்து ஆராய வேண்டாம்.

லைட் எரிந்தும் வாய் திறக்காதது ஒற்று. ஸ்பீக்கர் வயரைக் கழற்றி 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டால் ‘டப்’ என்று கோன் அசைய வேண்டும். அசைந்தால் ஸ்பீக்கர் தப்பித்தது, ஆம்ப்ளிஃபயர் மாட்டிக்கொண்டது. அசையாவிட்டால் மல்ட்டிமீட்டர் சாட்சி சொல்லும்: 4 ஓம் ஸ்பீக்கர் 3 சொச்சம் காட்டினால் நலம், ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது.

குற்றியலுகரம் நுட்பமானது. ‘தூம்’ என்று விழ வேண்டியது பாதி மாத்திரையாய்க் குறுகும். ஊஃபர் முன்னே தள்ளும்போது மற்ற ஸ்பீக்கர்கள் பின்னே இழுத்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். பின்பக்க ஃபேஸ் சுவிட்சை 0-விலிருந்து 180-க்குத் தள்ளினால் பல நேரம் தீரும். தீராவிட்டால் சோபாவை நகர்த்த வேண்டும்: 50 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் ஏறக்குறைய 7 மீட்டர், சுவரில் பட்டுத் திரும்பி அறையின் சில இடங்களில் தன்னையே அழித்துக்கொள்ளும். வீட்டுக்காரர் உட்காரும் இடம் எப்படியோ அங்கேதான் அமைகிறது.

கரகரப்பை ஆய்தத்தில் சேர்க்கலாம். கோனைச் சுற்றியுள்ள நுரைவளையம் பத்துப் பதினைந்து ஆண்டில் ஈரக்காற்றில் மக்கி, தொட்டால் உதிரும். 1925-ல் ரைஸும் கெல்லாக்கும் வகுத்த காயில்-கோன் அமைப்பு இன்றும் அப்படியே இருக்க, நுரை மட்டும் நிலைக்கவில்லை. இரு கை விரல்களாலும் கோனை மெல்ல, சமமாக அழுத்தும்போது உரசினால் காயில் காந்தத்தில் இடிக்கிறது. வளையத்தை மாற்றி ஒட்டலாம். நடுவில் சரியாக நிறுத்துவதற்குத்தான் பொறுமை வேண்டும்.

மேற்சொன்ன எதிலும் அடங்காமல், குத்துப்பாட்டுக்கு மட்டும் கடகடப்பது இடைச்செருகல். காற்று போக வர விட்டிருக்கும் துளையைச் சிறு பிள்ளைகள் உண்டியலாகவே கருதுகிறார்கள். அப்படி ஒரு பெட்டியைக் கழற்றிக் கவிழ்த்தபோது 2 நாணயம், ஒரு கிரேயான், கடைசியாக ரிமோட்டின் பேட்டரி மூடி விழுந்தன. மூடியைத் துடைத்து மாட்டினார்கள். ரப்பர் பேண்டையும் அதன் மேலேயே போட்டார்கள்.