ஒரே உதையில்

வன்னியில் ஒரு மெசின் கிளம்பவில்லை என்று வாய்விட்டுச் சொல்லக்கூடாது. சொன்னால் ஊரே திருப்புளியோடு வந்து நிற்கும். தொண்ணூறுகளில் பெற்றோலுக்கும் பற்றரிக்கும் தடை இருந்த காலத்தில், மோட்டார்சைக்கிளை ஒரு சொட்டுப் பெற்றோல் காட்டிக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய சனம் இது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோக் கரண்டில் மற்றவர்கள் பிபிசி தமிழோசை கேட்டார்கள். சுற்றுகிறவருக்குக் கை உளைந்தால் செய்தி வாசிப்பவருக்கும் குரல் கம்மும். அப்படிப்பட்டவர்களுக்கு முன்னால், சுவரிலிருந்து சும்மா 230 வோல்ட் வந்துகொண்டிருக்க, ஒரு கொம்பியூட்டர் கிளம்பமாட்டேன் என்று இருந்தால் அது அவர்களுக்கு நேரடி அவமானம்.

பரந்தனில் எங்கள் வீட்டு முன்னறையில் நான் ஒரு சின்னக் கொமினிகேசன் வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, ரைப்பிங், விசா விண்ணப்பம், பரீட்சைப் பெறுபேறு பார்த்துக் கொடுப்பது. சனம் வருவது காலையில். கொம்பியூட்டர்ப் பெட்டி கிளம்ப மறுப்பதும் காலையில்தான். பட்டனை அமத்தினால் விசிறி அரைச் சுற்றுச் சுற்றும், ஒரு லைட் மினுங்கும், பிறகு பேச்சில்லை. பத்து மணி தாண்டினால் ஒருமாதிரிக் கிளம்பும். கிளம்பிவிட்டால் இரவு கடை பூட்டும் வரை ஒரு குறை சொல்லாது. மார்கழியில்தான் இது தொடங்கியது.

பக்கத்து வளவுச் சின்னண்ணை லாண்ட்மாஸ்டர் திருத்துகிறவர். பெட்டியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இது எங்கையோ எயர் இழுக்குது" என்றார். வயரிங் செய்யும் மச்சான், எர்த் இல்லை என்றான். எந்த வீட்டுக்குப் போனாலும் அவன் அதைத்தான் சொல்லுவான். பாதி வீடுகளில் உண்மையாகவே இருக்காது. பெரியம்மா ஆராய்ச்சி ஒன்றும் செய்யவில்லை. நாவூறு என்று முடிவுகட்டி, செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டா. அன்றைக்கென்று பார்த்து முதல் அமத்தலிலேயே பெட்டி கிளம்பியது. அதற்குப் பிறகு பெரியம்மாவோடு விஞ்ஞானம் கதைக்க ஒருவராலும் முடியவில்லை.

இந்த நேரத்தில்தான் 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிறு மத்தியானத்துக்கு முன், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து இலங்கை முழுவதும் கரண்ட் போனது. அமைச்சரே குரங்கு என்று சொன்னதால், பெட்டிக்குள் ஏதோ புகுந்திருக்கிறது என்ற மிருகக் கட்சிக்கு எங்கள் ஊரில் திடீரென்று பலம் கூடிவிட்டது. பெட்டியைத் திறந்தே ஆகவேண்டும் என்றார்கள். திறந்தோம். மூலையில் பல்லிமுட்டை இரண்டு, எறும்பு ஒரு வரிசை, விசிறி இதழ்களில் சாம்பல் நிறத்தில் தடித்த தூசு. சின்னண்ணைக்கு முகம் மலர்ந்தது. பள்ளிக்கூடப் பெடியள் பாவிக்கும் அழிறப்பரால் ராமின் பொன்னிறப் பல்லுகளைத் தேய்த்தோம். அது உண்மையான வைத்தியம்தான், ஊத்தை பிடித்த ராமுக்கு நன்றாகக் கேட்கும். எங்கள் நோய் அது இல்லை. அடுத்த காலையும் அரைச் சுற்றுத்தான்.

டவுணுக்கு ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனால் வேறு கதை. மத்தியான வெயிலில் ஏ9 வீதியால் குலுங்கிப் போய் இறங்கியதும், திருத்துகிற தம்பி பட்டனைத் தொட்ட உடனே கிளம்பும். "அண்ணை, இதுக்கு ஒண்டும் இல்லையே." வாடகை மட்டும் இரண்டு பக்கமும் எனக்கு.

இதற்குள் இன்னொரு கூத்து. கிளம்புகிற நாள்களிலும் பெட்டி திகதியை மறந்துவிடும். எந்தத் திகதிக்குப் போகும் என்றால், 2009 ஜனவரி 1. மதர்போட் செய்தவன் போட்டு வைத்த பிறந்தநாள் அது. போரில் கிளிநொச்சி விழுந்தது ஜனவரி 2. அந்த நேரம் நாங்கள் விசுவமடுப் பக்கம் மூட்டை முடிச்சோடு நின்றோம். உலகத்தில் எத்தனையோ வருசம் இருக்க, ஒவ்வொரு காலையும் அதற்கு முதல் நாளில் கொண்டுபோய் இறக்கிவிடும் பெட்டியை என்ன செய்வது? திரையை எட்டிப் பார்த்த அம்மா, "வேறை வருசம் இல்லையாமோ அதுக்கு?" என்றா. இணையத்துக்கும் அந்தத் திகதி பிடிக்கவில்லை. பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் பிறக்கவேயில்லை என்று எண்ணி, ஒரு தளத்தையும் திறக்க விடாது.

கடைசியில் அறிவியல் நகர்ப் பொறியியல் பீடத்தில் படிக்கிற ஒரு பெடியன் ஒப்படை அச்செடுக்க வந்தான். பெட்டியைத் தொடவேயில்லை. "எத்தினை மணிக்குக் கிளம்பாது? இரவிலை பிளக்கைக் கழட்டுறனீங்களோ?" என்று கேட்டான். ஐப்பசி மின்னலில் ஒரு ரீவி எரிந்த நாளிலிருந்து, படுக்கமுதல் வீட்டிலுள்ள அத்தனை பிளக்கையும் அம்மா கழற்றிவிடுவா.

"அதுதான்" என்றான். பவர் சப்ளைக்குள் இருக்கும் கப்பாசிற்றரில் ஒரு திரவம் இருக்கிறது. வருசம் போகப்போக அது வற்றும். வற்றியது குளிரில் இன்னும் சோம்பும். "நான் தயார்" என்று பவர் சப்ளை மதர்போட்டுக்குச் சொல்ல அரை வினாடிதான் தவணை. அதற்குள் வோல்ட் நிலைக்காவிட்டால் எல்லாம் நிற்கும். இரவில் பிளக் செருகி இருந்தால் உள்ளே கொஞ்சம் சூடு தங்கும், மணிக்கூட்டுக்கான காசுப் பற்றரியும் இவ்வளவு கெதியில் செத்திருக்காது. லண்டன் மாமி விட்டுவிட்டுப் போன ஹெயார் ட்ரையரை வாங்கி, பவர் சப்ளையின் ஓட்டைக்குள் சூட்டுக் காற்று அடித்தான். காலை ஏழு மணிக்குப் பெட்டி கிளம்பியது. பெரியம்மா மட்டும் மிளகாய்ப் புகையும் சூடுதானே என்றா.

"குரங்கு கைவைச்ச அண்டைக்கு நிண்ட நுரைச்சோலை மின்நிலையமே திரும்ப எழும்ப நாள்கணக்கு எடுத்தது. உங்கடை பெட்டி பத்து மணிக்காவது எழும்புதே" என்றான் பெடியன்.

புது பவர் சப்ளை போட்டோம், காசுப் பற்றரியும் மாற்றினோம். பழையதைச் சோதிக்கும்போது பச்சை வயரையும் கறுப்பு வயரையும் அவன் ஒரு துண்டுக் கம்பியால் தொடுத்துக் காட்டியிருந்தான். மதர்போட் இல்லாமலே அது ஓடும். மற்றவர்கள் விசிறியைப் பார்த்தார்கள், சின்னண்ணை கம்பியைப் பார்த்தார். "உதை எறியப் போறியோ?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனவர், கோழிக்குஞ்சுக் கூட்டுக்குள் வைத்து, மஞ்சள் வயரில் வரும் 12 வோல்ட்டுக்கு லைட் பூட்டிவிட்டார். குஞ்சுகளுக்காக இரவு பகலாகச் சூட்டு பல்ப் எரிகிற இடம் அது.

வேலிக்கு மேலால் ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார்: "ஒரே உதையிலை ஸ்ராட் ஆகுதடாப்பா. உனக்குத்தான் அதைப் பாவிக்கத் தெரியேல்லை."