சோபா பூத்த கார்த்திகை

எங்கள் வீட்டில் சோபா என்பது உட்காருவதற்கானது அல்ல. உட்காரத் தகுந்தவர்கள் என்றைக்காவது வருவார்கள் என்ற நம்பிக்கையில் வாங்கிப் போட்டது. கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக்கை அம்மா பிரிக்கவே விடவில்லை. அது கிழியக்கூடாது என்று ஓர் உறை. உறை அழுக்காகக்கூடாது என்று ஒரு விரிப்பு. விரிப்பு நலுங்கக்கூடாது என்று அம்மாவின் பார்வை. நாங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அதைத் தரிசிப்போம்.

இத்தனை காவலையும் மீறி ஒரு கூட்டம் குடியேறிவிட்டது. சென்னைக்கு வருஷத்தில் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை. பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். ஐப்பசியில் சாத்திய ஜன்னலைத் திறக்கவில்லை. கார்த்திகையில் தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று விரிப்பு, உறை, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் விலக்கினால், சோபாவின் முதுகு முழுக்கச் சாம்பலும் பச்சையுமாகப் பூத்திருக்கிறது. சுவரோடு ஒட்டிக் கிடந்த பக்கம்தான் அமோக விளைச்சல். கூடவே ஈரச் சாக்கு வாடை.

"சாம்பிராணி போட்டா சரியாயிடும்" என்றாள் அம்மா. போட்டோம். சாம்பிராணி மணக்கும் பூஞ்சை கிடைத்தது. தம்பி தன் சென்ட் பாட்டிலை எடுத்து அடித்தான். இப்போது கல்யாண மண்டபத்துப் பூஞ்சை.

மாடி வீட்டு மாமா ரிட்டயரான கெமிஸ்ட்ரி வாத்தியார். பாடம் எடுக்க ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தவர், சேதி கேட்டதும் இறங்கி வந்துவிட்டார். "ப்ளீச்ச தொடாதீங்க, துணி சாயம் போயிடும். அதோட வினிகரையும் சேத்தீங்கன்னா குளோரின் வாயு வரும். அப்புறம் மாப்பிள்ளை வீட்டாரை ஆம்புலன்ஸ்லதான் உக்கார வைக்கணும்!"

வீட்டுக்குள் வைத்துத் தேய்த்தால் பூஞ்சையின் வித்துகள் பறந்து அறை முழுக்கப் பரவும், வெளியே தூக்குங்கள் என்றார். நியாயம்தான். ஆனால் வந்த வாசல் வழியாகத் திரும்பிப் போவதில்லை என்பது சோபாக்களின் கொள்கை. நிமிர்த்தி, படுக்க வைத்து, காலைக் கழற்றி, கதவையும் கழற்றித்தான் வராந்தாவுக்குக் கொண்டுபோனோம். வாயில் மாஸ்க்கோடு காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்தோம். பிறகு எழுபது சதவீத ஸ்பிரிட்டில் நனைத்த துணி. அதையும் முதலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் துடைத்து, சாயம் போகிறதா என்று பார்த்த பிறகே. "நூறு சதவீதமா வாங்கினா இன்னும் நல்லதில்லையா?" என்று தம்பி கேட்டான். மாமாவின் முகம் மலர்ந்தது. சுத்த ஸ்பிரிட் சட்டென்று ஆவியாகிவிடும், கலந்திருக்கும் தண்ணீர்தான் அதை வேலை முடியும்வரை நிறுத்தி வைக்கும் என்று அரை மணி நேரம் விளக்கினார்.

அந்த நேரம் பார்த்து, ஸ்பிரிட் வாடை பிடிக்காத அம்மா, கனன்று எரியும் சாம்பிராணிக் கரண்டியோடு வராந்தாவுக்கு வந்தாள். மாமா போட்ட கூச்சலில் எதிர்வீட்டு நாயே வீட்டுக்குள் ஓடிவிட்டது.

இனி வெயிலில் காயவேண்டும். வெயிலுக்கு எங்கே போவது? டிவியில் வங்கக் கடலில் குறைந்த காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்து, ராத்திரியெல்லாம் சோபாவுக்குக் காற்று வாங்கிக் கொடுத்தோம். வீட்டில் எந்த நோயாளிக்கும் நடக்காத பணிவிடை.

மேல்துணி தேறிவிட்டது. வாடை மட்டும் போகவில்லை. குஷன் தைக்கிறவர் வந்து தையலைப் பிரித்தார். உள்ளே ஃபோம் கறுத்திருந்தது. "துணியில இருந்தா துடைக்கலாம் சார். ஃபோம்ல இறங்கிட்டா தூக்கிப் போட வேண்டியதுதான்." அப்புறம் நாங்கள் கழற்றிப் போட்டிருந்த கடை பிளாஸ்டிக்கைத் தூக்கிப் பிடித்து, "இதுதான் சார் ஈரத்தை உள்ளேயே பூட்டி வச்சது" என்றார். அம்மாவுக்கு அந்தச் சமயம் பார்த்து அடுப்பில் ஏதோ வேலை வந்துவிட்டது.

மாப்பிள்ளை வீட்டார் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டார்கள். சோபா எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

உங்கள் வீட்டு சோபாவில் இன்னும் கடை பிளாஸ்டிக் இருந்தால், புரட்டாசி முடிவதற்குள் பிரித்துவிடுங்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். அம்மா கடைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.