தடம்விலகியார்

செம்பரம்பாக்கம் ஏரியைச் சுற்றி எழும்பியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில், சனிக்கிழமை இரவு ஒன்பதரைக்கே விளக்கை அணைத்துவிடும் வீடு தளத்துக்கு ஒன்றாவது இருக்கும். உள்ளே உடம்பு சரியில்லாதவர் யாரும் இல்லை. தடம்விலகியார் இருக்கிறார். ஒரகடத்திலோ இருங்காட்டுக்கோட்டையிலோ கார் செய்யும் ஆலையில், அல்லது அந்தக் காரின் கதவுக்கு ரப்பர் பட்டை செய்யும் ஆலையில், அவர் துணை மேலாளர். முழங்கால் இன்னும் பத்து வருடம் தாங்கும் என்று அவரும், தாங்காது என்று அவர் மனைவியும் உறுதியாக நம்பும் வயது. மூன்றரைக்கு அலாரம், நாலரைக்கு வாலாஜாபாத்தில் டீ, வெளுக்கும் நேரத்தில் செஞ்சிப் பக்கத்திலோ வேலூர்ப் பக்கத்திலோ ஒரு மொட்டைப் பாறைக் குன்றின் அடிவாரம். அந்தக் குன்றுக்கு மூன்று தகுதிகள் வேண்டும்: படிக்கட்டு இருக்கக் கூடாது, கோயில் இருக்கக் கூடாது, பக்கத்து வீட்டுக்காரர் கேள்விப்பட்டிருக்கக் கூடாது. ஒன்றில் ஏறி, முகட்டைப் பிடித்து அடுத்ததற்குப் போய், நான்கைந்து உச்சிகளைத் தொட்டு, வேறு பக்கமாக இறங்கி, விட்டுவந்த காரிடம் வந்து சேர வேண்டும். வழி என்று ஒன்று தெரிந்தால் அதில் கால் வைக்க மாட்டார். வந்த வழியே திரும்புவது அவர் குலத்துக்கே இழுக்கு.

இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று கேட்பவர்கள் ஊர் நிலவரம் தெரியாதவர்கள். அருகில் குன்றுகள் இல்லாமல் இல்லை. குன்றத்தூரில் முருகன் நிற்கிறார், திருநீர்மலையில் பெருமாள் படுத்திருக்கிறார். இரண்டுக்கும் படி உண்டு, பிரசாதம் உண்டு, ஆகவே தள்ளுபடி. திரிசூலத்திலும் பம்மலிலும் இருந்த பாறைகளில் பெரும்பகுதியை ஜல்லியாக உடைத்து நகரத்துக்குள் கொட்டியாயிற்று; அவருடைய சொந்த அடுக்குமாடியின் தூணுக்குள்ளேயே ஒரு சிகரம் இருக்க வாய்ப்புண்டு. எனவே வறண்ட மேற்குக்குப் போகிறார். பாலைவனம் என்று சொல்லிக்கொள்ள நம்மிடம் மணல்மேடு கிடையாது. ஆனால் முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் நலம் கெட்டால் பாலையாகும் என்று சிலப்பதிகாரம் வகுத்த கணக்குப்படி, கோடைக்காலத்தில் செஞ்சிக்கும் ஆம்பூருக்கும் இடைப்பட்ட குன்றுகள் அத்தனையும் பாலைதான். பத்து மணிக்கே கை வைக்க முடியாத பாறை, வற்றிய சுனை, சூரைமுள், சப்பாத்திக்கள்ளி, காலுறைக்குள் குடியேறும் ஊசிப்புல். பாலைத் திணைக்கு உரிப்பொருள் பிரிவு. சங்கத் தலைவன் பொருள் தேடிப் பாலையைக் கடந்தான், தலைவி வீட்டில் வாடினாள். இங்கே தலைவன் பன்னிரண்டாயிரம் ரூபாய்க் காலணியைத் தேய்த்துப் பொருளைத் தொலைத்துவரப் போகிறான், தலைவி எட்டு மணி வரை தூங்குகிறாள்.

இந்த மனிதருக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் ஒன்று உண்டு. வாரம் ஆறு நாளும் மஞ்சள் கோட்டுக்குள் நடந்து, மணி அடித்தால் சாப்பிட்டு, நிற்காமல் ஓடும் லைனைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர், ஏழாம் நாள் கோடே இல்லாத இடத்துக்கு ஓடுகிறாராம். அவரும் அப்படித்தான் சொல்வார். என் கட்சி வேறு. அவர் ஆலையை விட்டு எங்கேயும் ஓடவில்லை. ஆலையில் பாதியை முதுகுப்பையில் அடைத்து மலைமேல் தூக்கிக்கொண்டு போகிறார். அதிலும் விட்டுப்போக வேண்டிய பாதியை எடுத்துக்கொண்டு, எடுத்துப்போக வேண்டிய பாதியை கேட்டில் விட்டுவிடுகிறார். எடுத்துப்போவதைப் பாருங்கள். வெள்ளிக்கிழமையே செயற்கைக்கோள் படத்தைத் துழாவி, உச்சிக்கு இத்தனை நிமிடம் என்று எக்செல் தாளில் எழுதிவிடுகிறார். பையைக் கட்டுவது ஃபைவ் எஸ் முறைப்படி: தேவையானது, தேவையற்றது என்று பிரித்து, எலுமிச்சை சாதத்தைத் தேவையற்றதிலும், மரத்தூளை அழுத்தியதுபோல் இருக்கும் ஓட்ஸ் கட்டியைத் தேவையானதிலும் சேர்ப்பார். கூட வரும் ஜூனியர் பையன் பாறையிடுக்கில் மூச்சு வாங்க உட்கார்ந்தால், "என்னப்பா, லைன் நின்னுபோச்சா?" என்று மேலிருந்து குரல் வரும். உச்சியில் நிற்பது நாலு நிமிடம். அதில் மூன்று நிமிடம், கைக்கடிகாரம் தடத்தைப் பதிவு செய்திருக்கிறதா என்று பார்ப்பதில் போய்விடும். பொருள் ஒரே திசையில் நகர வேண்டும், பின்னோக்கி வரவே கூடாது என்பது உற்பத்தி லைனின் ஆதி விதி. அவருடைய சுற்று அந்த விதியை ஐந்து உச்சிகளின் மேல் வரைந்த படம்.

இந்த நோய்க்கு நாம் மட்டும் காரணமல்ல. ஸ்காட்லாந்தில் ஹியூ மன்றோ என்பவர் மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட மலைகளை 1891-ல் பட்டியல் போட்டு வெளியிட்டார். அன்றிலிருந்து அந்த நாட்டில் மலையைப் பார்ப்பவர்களைவிட மலையை டிக் அடிப்பவர்கள் பெருகிவிட்டார்கள். பட்டியல் திருத்தப்பட்டு இப்போது 282-ல் நிற்கிறது. மன்றோ தன் பட்டியலைத் தானே முடிக்காமல் 1919-ல் இறந்துபோனார். லாஸ் ஏஞ்சலிஸில் பாலைவனச் சிகரங்களுக்கென்றே தனிப்பிரிவு ஒன்று 1941-ல் சியரா கிளப் என்ற இயற்கை ஆர்வலர் சங்கத்துக்குள் தொடங்கி, அதற்கும் பட்டியல் வந்தது. ஆக, ஆளரவமற்ற இடத்தைத் தேடுகிறவன் முதலில் செய்யும் காரியம் அதற்கு வரிசை எண் போடுவது. இது மனித சுபாவம் என்று விட்டுவிடலாம். நம்மவர் அதற்கு மேல் செய்வது, வரிசை எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, போன மாதத்தைவிட எத்தனை சதவீதம் முன்னேற்றம் என்று கணக்கெழுதுவதுதான்.

"யாருக்கும் தெரியாத சிகரம்" என்ற உரிமைகோரலையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். 1802-ல் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே தொடங்கிப் பெரும்பாக்கம் வரை ஏழரை மைல் அடிக்கோட்டைச் சங்கிலி போட்டு அளந்தார். பிறகு அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியை ஆட்கள் குன்று குன்றாகச் சுமந்து ஏற்றினார்கள். அந்தச் சுமையாட்கள் யாரும் உச்சியில் கையை விரித்துப் படம் எடுத்துக்கொள்ளவில்லை. செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று என்ற பாறை இருக்கிறது. இருபத்துநான்கு சமணத் தீர்த்தங்கரர்களை அதில் வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். சந்திரநந்தி என்ற ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து அங்கே உயிர்விட்டதைக் கல்வெட்டு சொல்கிறது. சுமார் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு முன், ஓட்ஸ் கட்டி இல்லாமல். இன்றைக்கும் தடம்விலகியார் முள்ளில் சட்டையைக் கிழித்துக்கொண்டு, கையும் காலும் ஊன்றி, நாற்பது நிமிடத்தில் ஏறும் சரிவுக்கு எதிர்ப்பக்கத்தில் ஓர் அம்மா ஆடுகளோடு ரப்பர் செருப்பில் ஏறி முன்னமே வந்து நிற்பார். "இன்னா சார், இந்தப் பக்கமா ஏர்றீங்க? அப்படியே சுத்திப்போனா வழி இருக்குதே" என்பார். அந்த ஒரு வாக்கியத்தில் சிகரத்தின் மதிப்பு பாதியாகச் சரிந்துவிடும். வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும் படங்களில் ஆடு ஒன்றுகூட இராது. இராதபடி வெட்டிவிடுவார்.

இதுவரை சொன்னது சிரிப்போடு போகக்கூடியது. கேட்டில் விட்டுவிட்ட பாதி அப்படிப்பட்டதல்ல. ஆலையில் ஆறடிக்கு மேல் ஏணி ஏறும் ஒப்பந்தத் தொழிலாளியிடம் பெல்ட், ஹெல்மெட், ஒர்க் பர்மிட் மூன்றையும் கேட்பவர் இவர். ஒன்று குறைந்தாலும் வேலையை நிறுத்துவார். கால் இடறினால், விழாவிட்டாலும், "நியர் மிஸ்" என்று எழுதி வாங்குவார். அதே மனிதர் ஞாயிற்றுக்கிழமை, யாரிடமும் சொல்லாமல், அறுபதடி வழுக்குப்பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கிறார். செஞ்சிப் பக்கத்துக் கருங்கல் வெங்காயம்போல் ஏடேடாகத் தோல் உரியும். அதனால் குன்றுகள் உருண்டையாக இருக்கும். ஏறும்போது சரிவு போகப்போகக் குறைவதால் தெம்பாக இருக்கும். இறங்கும்போது ஒவ்வோர் அடிக்கும் சரிவு கூடும். வளைவுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று மேலிருந்து தெரியாது. ஏறிய பாறையில் இறங்குகிறவனுக்காவது பிடி எங்கே என்று தெரியும். சுற்று போடுகிறவன் தான் ஒருபோதும் ஏறிப் பார்க்காத பாறையில், தண்ணீர் தீர்ந்த பிறகு, உச்சி வெயிலில் இறங்குகிறான். வந்த வழியே திரும்புவதை இழுக்கு என்று ஆக்கியதன் விலை அது. சோதனை ஓட்டம் இல்லாமல் புதிய இயந்திரத்தை இரவு ஷிஃப்டில் ஓட்டச் சொன்னால் இவர் கையெழுத்துப் போடுவாரா?

அனுமதி, வழிகாட்டி, நேரக்கட்டுப்பாடு என்று ஆரம்பித்தால் மலை பூங்காவாகிவிடும், ஆபத்து இல்லாவிட்டால் மலை எதற்கு என்பார்கள். ஆபத்தை யாரும் ஒழிக்கச் சொல்லவில்லை. அதைக் கணக்கில் எழுதத்தான் சொல்கிறேன், அவர் எழுதுகிற மற்ற எல்லாவற்றையும்போல. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றக் குழுவினர் காய்ந்த புல்லில் பரவிய தீயில் சிக்கினார்கள்; மொத்தம் 23 பேர் இறந்தார்கள். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்தும் போனவர்கள். முதலில் ஓடிப்போய்த் தோளில் தூக்கி இறக்கியவர்களில் உள்ளூர்க்காரர்கள் முக்கியமானவர்கள். அந்த ஆண்டே தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது 1882-ம் ஆண்டு வனச் சட்டப்படி முன்பிருந்தே குற்றம்தான். தன் உயிர், தன் இஷ்டம் என்ற வாதம் எதிர்ப்பக்கத்தில் ஆடுகளோடு நின்ற அம்மாவை மறந்துவிடுகிறது. பாறையில் மாட்டிக்கொண்டவரை இறக்க வருவது அந்த அம்மாவின் மகனும், அவனுடைய கயிறும், அவன் இழக்கும் அன்றைய கூலியும்தான்.

படித்தவர்கள் எடுக்கும் அடுத்த ஆயுதம் ராபர்ட் புரூஸ் ஃபூட். தடத்தை விட்டு விலகினவர்களால்தானே உலகத்துக்குப் புதியது தெரிந்தது? ஃபூட் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் கண்டெடுத்த கற்கருவிதான் இந்தியத் தொல்பழங்காலத்தையே திறந்துவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் அத்திரம்பாக்கத்திலும் கண்டெடுத்தார். வலுவான வாதம்தான். ஆனால் ஃபூட் அந்தக் கல்லை எந்த உச்சியிலும் எடுக்கவில்லை. சரளை வெட்டிய குழியில், குனிந்து பார்த்ததால் எடுத்தார். நிலவியல் ஆய்வுத் துறையின் சம்பளத்தில், நிலப்படமும் குறிப்பேடுமாகப் போனவர். தடம்விலகியார் ஏறும் சரிவுகளில் இன்னும் எத்தனை கற்கருவிகள் கிடக்கின்றனவோ, அவருக்கு அவை கால் வழுக்கவைக்கும் சரளை. அதில் இழந்த நேரத்தை அடுத்த முகட்டில் ஈடுகட்டியாக வேண்டும்.

இன்னொரு மறுப்பை அவர் சார்பில் நானே எழுப்ப வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அவர் எழுப்ப மாட்டார். விடுமுறை நாளைக் கடை வளாகத்தில் கழிக்காமல் வெயிலில் வியர்ப்பவரை ஏன் கிண்டல் செய்ய வேண்டும்? நியாயம். மதுவும் சூதும் இல்லாத பொழுதுபோக்கு, காலையில் எழவைக்கிறது, தன் மாவட்டத்துக்கு அப்பால் நாடு இருக்கிறது என்று காட்டுகிறது. வேறு எதற்காகவும் இந்த ஆலைப் பகுதி மேலாளர் ஒருவர் திருநாதர்குன்றுப் பக்கம் வரப்போவதில்லை. நான் சிரிப்பது அவர் வியர்ப்பதைப் பார்த்தல்ல, வியர்வைக்கும் டார்கெட் வைப்பதைப் பார்த்து. அவர் லைனில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் அல்லது துணி துவைப்பு; பாறையில் தொங்கி விடுதலை தேட அவனுக்கு நேரமில்லை. சும்மா உட்கார அரை மணி கிடைத்தால் அவன் சும்மா உட்காருவான். அந்தக் கலை மேலாளருக்குக் கைவரவில்லை. உச்சியில் இன்னொரு பத்து நிமிடம் உட்கார்ந்தால் குடி முழுகாது என்று அவரிடம் யாராவது சொல்லலாம். சொன்னால் எந்த உச்சியில், எத்தனை மணிக்கு என்று கேட்பார்.

2024 அக்டோபரில் வனத்துறை பதினான்கு மாவட்டங்களில் நாற்பது பாதைகளை மலையேற்றத்துக்குத் திறந்தது. இணையத்தில் முன்பதிவு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி, கட்டணம், காட்டுத்தீக் காலத்தில் மூடல். அவர் கேட்டில் விட்டுப்போன பாதி, அத்தனையும் அச்சாக. தடம்விலகியார் முதல் வாரம் இகழ்ந்தார்: "பர்மிட் வாங்கி ஏறினா அது மலையா சார், மாடிப்படி." இரண்டாம் வாரம் நாற்பதையும் எக்செல் தாளில் இறக்கி, கடினம், நடுத்தரம், எளிது என்று மூன்று நிறம் பூசினார். இப்போது தாளின் மேல்வரிசையில் முடிந்தது இத்தனை, பாக்கி இத்தனை என்று தானாகக் கூட்டிக்கொள்ளும் கட்டம் ஒன்று மினுங்குகிறது. திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகைக்கு எதிரே மட்டும் சிவப்பில் ஒரு குறிப்பு: "முடிந்தது. பாதை தெளிவாக உள்ளது. வழிகாட்டியிடம் புகார் தெரிவிக்கப்பட்டது."