கீப்பருக்கு வந்த கடுதாசி

ஈஸ்ட் ஹாம், லண்டன்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

திருவையாற்றுப் பக்கம் குறுவை நடவு முடிந்துவிட்டதா என்று எழுதவும். போன கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு கேள்வி கேட்டிருந்தீர்கள்: கடை வாசலில் கொஞ்சம் கூடுதல் நேரம் வண்டி நின்றால் போட்டோ பிடித்து வீட்டுக்கே அபராதம் அனுப்புகிறானாமே, தப்பு செய்தவன் கட்டித் தொலைக்க வேண்டியதுதானே, இதற்கு ஏன் ஆளாளுக்கு மல்லுக்கு நிற்கிறார்கள் என்று. ஒரு வரிக் கேள்விக்கு நாலு பக்கப் பதில் வருகிறதே என்று கோபிக்க வேண்டாம். ஆயுசு பூராவும் அடங்கல் எழுதிய கை உங்களுடையது. இந்த விவகாரம் உங்களுக்குப் புரிகிற மாதிரி இந்த ஊர் வக்கீலுக்கே புரியாது. என் கட்சி இதுதான்: வண்டி யார் பேரில் பதிவாகி இருக்கிறதோ அவரிடம் பணம் கேட்க வேண்டுமானால், கேட்கிற கம்பெனி சட்டம் போட்ட ஒவ்வொரு படியையும் ஏறி வந்திருக்க வேண்டும். நடுவில் ஒரு படி விட்டுப்போயிருந்தால், தர மாட்டேன் என்று சொல்வதில் ஏமாற்று எதுவும் இல்லை.

முதலில், இது அபராதமே இல்லை. முனிசிபாலிட்டி போடுவது பெனால்டி சார்ஜ் நோட்டீஸ், அதுதான் அபராதம். தனியார் கம்பெனி அனுப்புவது பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ். இரண்டையும் சுருக்கினால் பி.சி.என்.தான். என்ன பொருத்தம் பாருங்கள், இந்த எழுத்து ஒற்றுமை தற்செயல் என்று நம்புகிறவர் யாரையும் நான் பார்த்ததில்லை! கம்பெனியின் கையில் இருப்பது வெறும் ஒப்பந்தம். 'இரண்டு மணி நேரம் இலவசம், மிஞ்சினால் இவ்வளவு' என்று கம்பத்தில் ஒரு பலகை நிற்கிறது. அதைப் பார்த்தும் வண்டியை நிறுத்தியவர் சம்மதித்தவர் ஆகிறார். ஆனால் சம்மதித்தவர் ஓட்டுநர். கேமராவுக்குத் தெரிவது நம்பர் பலகை மட்டும். அதை வைத்து டி.வி.எல்.ஏ. என்கிற இந்த நாட்டு ஆர்.டி.ஓ. ஆபீசில் 2 பவுண்டு 50 பென்ஸ் கட்டினால் ஒரு பெயரும் விலாசமும் கிடைக்கும். ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேல் இப்படி வாங்குகிறார்கள். அந்தப் பெயருக்கு உரியவர்தான் 'ரெஜிஸ்டர்ட் கீப்பர்'. அவர் வண்டியின் சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பதிவுக் காகிதமே அப்படித்தான் சொல்கிறது. விக்கெட் கீப்பரை நினைத்துக்கொள்ளுங்கள். பந்து போட்டவர் ஒருவர், மட்டையைச் சுழற்றியவர் ஒருவர், பின்னால் குனிந்து நின்று வாங்கிக் கட்டிக்கொள்கிறவர் கீப்பர்.

பட்டா ஒருவர் பேரில், சேற்றில் கால் வைக்கிறவர் வேறொருவர் என்பது நம் டெல்டாவில் புதுசா என்ன? கோயில் நிலம், மடத்து நிலம், ஊரை விட்டுப் போனவர்கள் நிலம் என்று குத்தகையில்தானே பாதிச் சாகுபடி கதை ஓடுகிறது. குத்தகைக்காரர் செய்த காரியத்துக்குப் பட்டாதாரர் கழுத்தைப் பிடிக்க வேண்டுமானால் அதற்கென்று தனியாகச் சட்டம் வேண்டும். இங்கே 2012 வரை அப்படி ஒன்று இல்லை. கம்பெனிக்காரர்கள் சக்கரத்தில் பூட்டைப் போட்டுப் பணம் கறந்துகொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு வந்த 'புரொடக்‌ஷன் ஆஃப் ஃப்ரீடம்ஸ்' சட்டம் தனியார் நிலத்தில் பூட்டுப் போடுவதைக் குற்றமாக்கியது. அதற்கு ஈடாக, ஓட்டுநர் யாரென்று தெரியாவிட்டால் கீப்பரிடம் வசூலிக்கலாம் என்று நான்காம் அட்டவணையில் ஒரு வழி திறந்துவிட்டது. அதுவும் நிபந்தனைகளோடு, இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும். துணை விதிகளுக்கு உட்பட்ட ரயில் நிலையம், விமான நிலையம் போன்ற இடங்களுக்கு அந்த வழியும் கிடையாது.

நிபந்தனைகளில் எனக்குப் பிடித்தது தேதிக் கணக்கு. கண்ணாடியில் சீட்டு ஒட்டாமல் கேமராவை மட்டும் நம்பினால், வண்டி நின்ற மறுநாளிலிருந்து 14 நாளுக்குள் நோட்டீஸ் கீப்பர் கைக்கு வந்திருக்க வேண்டும். தபாலில் போட்டால் இரண்டாவது வேலை நாளில் சேர்ந்ததாக வைத்துக்கொள்வார்கள். ஒன்றாம் தேதி திங்கட்கிழமை வண்டி நின்றது என்று வையுங்கள். கெடு 15ஆம் தேதி. 11ஆம் தேதி வியாழன் தபாலில் போட்டால் வெள்ளி ஒன்று, திங்கள் இரண்டு, கம்பெனி தப்பித்தது. 12ஆம் தேதி வெள்ளி போட்டால் 16ஆம் தேதி செவ்வாய்தான் சேரும். கீப்பரைத் தொட முடியாது. அவர்களோ காகிதத்தின் தலையில் 12 என்று அச்சடித்துவிட்டுக் காலத்தோடு அனுப்பிவிட்டோம் என்பார்கள். மேட்டூரில் ஜூன் 12 மதகு திறந்ததை வைத்து வேதாரண்யத்துக்காரருக்கு நாற்று நட முடியுமா? கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்ந்த நாள்தானே கணக்கு. தேதி மட்டும் சரியாக இருந்தாலும் போதாது. பணம் கட்டுங்கள் அல்லது ஓட்டியவர் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்க வேண்டும். 28 நாள் கழிந்தால் உங்களிடமே வசூலிப்போம் என்று எச்சரித்திருக்க வேண்டும்.

நின்றது நிஜம், ஓட்டினவர் யாரென்றும் தெரியும், பிறகு தேதியைக் காட்டித் தப்பிப்பது தர்மமா என்பீர்கள். நியாயமான கேள்விதான். போலீஸ் கேட்டால் ஓட்டியவர் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். இங்கே 1988ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் 172ஆம் பிரிவு, அங்கே நம் மோட்டார் வாகனச் சட்டம் 133ஆம் பிரிவு. தனியார் கம்பெனிக்கு அந்த அதிகாரத்தைப் பார்லிமெண்ட் கொடுக்கவில்லை. மறந்து கொடுக்காமல் விட்டதல்ல. அதற்குப் பதிலாகத்தான் கீப்பரைப் பிடிக்கிற வழியைக் கொடுத்தது. ஆகவே பெயரைச் சொல்லாமல் இருக்கலாம். நான் ஓட்டவில்லை என்று பொய் சொல்லத்தான் கூடாது. அந்த இடத்தில் நான் கீப்பர் பக்கம் நிற்க மாட்டேன். நம் ஊரையே பாருங்கள். கொள்முதல் நிலையத்தில் சிட்டா அடங்கலில் பெயர் இல்லாத குத்தகை விவசாயி மூட்டைகளோடு என்ன பாடு படுகிறார்! உழுதது நிஜம், விளைந்தது நிஜம், ஆனால் காகிதம் கேட்கிறார்கள். இல்லாதவரிடம் எழுத்து எழுத்தாகக் காகிதம் பார்க்கிற உலகத்தில், கேமராவும் கம்ப்யூட்டரும் வக்கீலும் வைத்திருக்கிற கம்பெனியிடம் தேதி பார்த்தால் அது மட்டும் குதர்க்கமா?

உச்ச நீதிமன்றமே கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறதே என்று அடுத்த ஆட்சேபம் வரும். உண்மை. 2015 நவம்பரில் 'பார்க்கிங் ஐ எதிர் பீவிஸ்' வழக்கில், செம்ஸ்ஃபோர்டு ஊர்க் கடைத்தெருவில் 56 நிமிடம் கூடுதலாக நின்றதற்கு 85 பவுண்டு கேட்டது செல்லும் என்றார்கள். கடைகளுக்கு ஆள் வந்து போக இடம் காலியாக வேண்டும் என்பது நியாயமான அக்கறை, தொகையும் அதற்கு மிஞ்சியதல்ல என்பது காரணம். ஆனால் அங்கே ஓட்டியவர் யார் என்பதில் சச்சரவே இல்லை. பலகைகளும் பெரிசாக, தெளிவாக இருந்தன. அந்தத் தீர்ப்பு தொகையைத்தான் காப்பாற்றியது. தாமதமாக வந்த நோட்டீஸை அது காப்பாற்றாது.

கடைசியாகக் காசுக் கணக்கு. வழக்கமான 100 பவுண்டை 14 நாளில் கட்டினால் 60 என்று ஆசை காட்டுவார்கள். அப்பீல், கோர்ட் என்று அலைவதைவிட அறுபதோடு போகட்டும் என்று முக்கால்வாசிப் பேர் நினைப்பதில் வியப்பில்லை. கட்டாவிட்டால் வசூல் ஏஜென்சி சிவப்பு எழுத்தில், 70 பவுண்டு கூட்டி, அமீனா வாசலில் நிற்கிற தோரணையில் எழுதும். நான்காம் அட்டவணைப்படி கீப்பரிடம் நோட்டீஸில் போட்ட தொகைக்கு மேல் கேட்க முடியாது. கோர்ட் தீர்ப்பு இல்லாமல் அமீனாவும் வர முடியாது. அதற்காகக் கடிதத்தைக் குப்பையில் போடுவது சுத்த முட்டாள்தனம். கோர்ட் காகிதத்துக்குப் பதில் போடாவிட்டால் ஒருதலைத் தீர்ப்பாகும். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் ஆறு வருஷம் அந்தக் கறை கடன் பதிவில் நிற்கும், வீட்டுக் கடன் கிடைப்பது கஷ்டம். எழுதித்தான் மறுக்க வேண்டும்: முதலில் கம்பெனிக்கு, பிறகு 'பாப்லா' மாதிரி அப்பீல் மேடைக்கு. அரசாங்கம் முறைப்படுத்தும் என்று காத்திருப்பதும் வீண். 2019இல் சட்டம் வந்தது, 2022 பிப்ரவரியில் விதிமுறை வந்தது, கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போக, ஜூனில் அதை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள்.

இதெல்லாம் சீமைக் கதை என்று கடிதத்தை மடித்து வைத்துவிட வேண்டாம். வண்டி கைமாறியும் ஆர்.சி.யில் பெயர் மாறவில்லை என்றால், விபத்து இழப்பீட்டுக்குப் பழைய சொந்தக்காரரே பொறுப்பு என்று நம் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் சொல்லியிருக்கிறது. உங்கள் பழைய டி.வி.எஸ். 50ஐ யாருக்காவது தள்ளிவிடுவதாக இருந்தால், பணத்தை எண்ணின கையோடு படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி ஆர்.டி.ஓ. ஆபீசில் தெரிவித்துவிடுங்கள். விற்றவருக்கு அங்கேயும் கெடு 14 நாள்தான். சித்தியைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
அன்புள்ள மகன்