செஞ்சிக்கு ஒரு நாள் டூர்: ஜுல்பிகர் கானிடம் மட்டும் பிளான் கேட்காதீர்கள்

காணையிலிருந்து காலையில் கிளம்பி, செஞ்சிக் கோட்டையைப் பார்த்துவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப முடியுமா? தாராளமாக முடியும். ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகர் கானுக்கு இதே கோட்டைக்குள் நுழைய ஏழு வருஷத்துக்கு மேல் ஆனது உண்மைதான். ஆனால் பாவம், அவர் காலத்தில் விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்கு பஸ் கிடையாது.

பிளான் ரொம்ப சிம்பிள். விழுப்புரம் போய் பஸ் மாறினால் செஞ்சி நாற்பது கிலோமீட்டருக்குள்தான். திண்டிவனத்து மச்சானையும் வரச் சொல்லுங்கள், அவருக்கு இன்னும் கிட்டம். செஞ்சி ஊரிலிருந்து திருவண்ணாமலை ரோட்டில் ஒரு ஆட்டோ பிடித்தால் கோட்டை. தண்ணீரும் தொப்பியும் மறக்க வேண்டாம். வெயில் ஏறுவதற்குள் ராஜகிரி மலையை முடித்துவிடுங்கள். பொழுது சாய ஆரம்பித்தால் மேலே விடமாட்டார்கள். முக்கியமாக, கவுண்டரில் டிக்கெட் வாங்குங்கள். யாரோடும் பேரம் பேசாமல், யாருக்கும் கவர் கொடுக்காமல் முன்வாசல் வழியாக இந்தக் கோட்டைக்குள் போனவர்கள் சரித்திரத்தில் ரொம்பக் குறைவு. இந்த ஒரு விஷயத்தில் சத்ரபதி சிவாஜியே உங்களுக்கு அப்புறம்தான்.

கோபப்படாதீர்கள், விஷயத்துக்கு வருகிறேன். இந்தியாவிலேயே பிடிக்க முடியாத கோட்டை இதுதான் என்று சிவாஜி சொன்னதாகச் சொல்வார்கள். 1677-ல் அவரே இதைப் பிடித்தார். பிடிக்கவே முடியாததை எப்படிப் பிடித்தார்? உள்ளே பீஜப்பூர் சுல்தானின் ஆளாக உட்கார்ந்திருந்த நாசிர் முகமது கானோடு ரொக்கம் இவ்வளவு, ஜாகீர் இவ்வளவு என்று பேசி முடித்தார். மலையைப் பிடிக்கத்தான் முடியாது. மலைமேல் இருக்கிற ஆளைப் பிடிக்கலாமே!

செஞ்சியின் மொத்தக் கதையும் இந்த ஒரு வரிதான். கோட்டை ஒரு தடவைகூடச் சொதப்பவில்லை. சொதப்பியவர்கள் எல்லாரும் உள்ளே குடியிருந்தவர்களும் வெளியே கூடாரம் அடித்தவர்களும்தான்.

இதை ஆரம்பித்து வைத்தவர் ஏதோ மகாராஜா என்று நினைத்துக்கொண்டு படி ஏறாதீர்கள். 1190-வாக்கில் ஆனந்தக் கோன் என்ற இடையர் இங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார், புதையல் கிடைத்தது என்கிறது பழைய கதை. நமக்குக் கிடைத்திருந்தால் கொஞ்சம் நகை, பைபாஸ் பக்கம் இரண்டு பிளாட். மனுஷன் மலைமேல் கோட்டை கட்டினார்! பின்னால் வந்த கிருஷ்ணக் கோன் சும்மா இருப்பாரா? எதிர்மலையில் இன்னொன்று. இதில் ஆடுகளின் கருத்து என்ன என்று எந்தச் சரித்திரமும் கேட்கவில்லை.

அப்புறம் நாயக்கர்கள். இவர்கள் எதையும் சின்னதாக யோசிக்கிற ஜாதி இல்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றையும் வளைத்துச் சுமார் 13 கிலோமீட்டருக்கு மதில். களஞ்சியம், குதிரை லாயம், யானைக்குளம், போதாததற்கு உடற்பயிற்சிக் கூடம் வேறு. அடுக்கடுக்காக நிற்கிற கல்யாண மகாலில் மண்குழாய் வழியாக மாடிக்குத் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். இரண்டாவது மாடி வாடகை வீட்டில் காலை ஏழு மணிக்குக் குழாயைத் திறந்து வெறும் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டவர்கள், இந்த மகாலுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கலாம். 1597-ல் வந்த பிமெண்டா பாதிரியார், லிஸ்பனை விட்டால் போர்ச்சுகலிலேயே இவ்வளவு பெரிய ஊர் கிடையாது என்று எழுதி வைத்தார். இதைச் செஞ்சிக்காரர் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். பாதிரியாருக்குக் கண் பார்வை எப்படி என்று கேட்பார்.

இனிதான் மெயின் பிக்சர். 1689-ல் சிவாஜியின் மகன் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்றதும், தம்பி ராஜாராம் உயிர் பிழைக்கத் தெற்கே ஓடினார். வயது 19. லிங்காயத்து யாத்திரிகர் வேஷம். அருமையான வேஷம், யாருக்கும் சந்தேகம் வராது. பெங்களூரில் ராத்தங்கலுக்கு இறங்கிய இடத்தில், கூட வந்தவர்கள் பழக்க தோஷத்தில் ராஜாவின் காலைப் பயபக்தியோடு கழுவிவிட ஆரம்பித்தார்கள். பரதேசிக்குக் கால் கழுவ இத்தனை பேரா? பார்த்தவர்கள் போய்ப் போட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்கின்றன மராட்டியக் கதைகள். தலை போகிற நேரத்திலும் காலுக்கு மரியாதை குறையக் கூடாது, அதுதான் ராஜ விசுவாசம்.

எப்படியோ தப்பிச் செஞ்சிக்கு ராஜா வந்து சேர்ந்தார். கஜானா வந்து சேரவில்லை. 1690-ல் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றார்கள். வாங்கியவர் சென்னை கவர்னர் எலிஹு யேல். ஆமாம், பிற்பாடு அமெரிக்க யூனிவர்சிட்டிக்குப் பெயர் கொடுத்த அதே யேல். எல்லை எது? கோட்டையிலிருந்து ஒரு பீரங்கி வெடித்தால் குண்டு எங்கே போய் விழுகிறதோ அதுவரை. நல்ல மனுஷன் இருக்கிற பீரங்கியைத் தட்டிவிட்டுப் போவான். கம்பெனியோ, மெட்ராஸில் இருந்ததிலேயே நல்ல பீரங்கியையும், அதைச் சுடத் தெரிந்ததிலேயே கெட்டிக்காரனையும் சேர்த்து அனுப்பி வைத்தது. குண்டு வளைத்துக்கொடுத்த ஊர்கள் குண்டு கிராமங்கள் ஆயின. கடலூர்ப் பக்கம் குண்டு உப்பலவாடி இன்னும் இருக்கிறது. இவ்வளவு சத்தமாக ஒரு கிரயம் முடிந்ததை எந்தப் பத்திர எழுத்தரும் கேட்டிருக்க மாட்டார்.

அதே வருஷம் ஜுல்பிகர் கான் வந்து முற்றுகையை ஆரம்பித்தார். முற்றுகை என்றதும் கோட்டையைச் சுற்றி எறும்பு நுழையாத சேனை என்று கற்பனை செய்யாதீர்கள். மதிலே 13 கிலோமீட்டர். அதைச் சுற்றி ஆள் நிறுத்த வேண்டுமானால் டில்லியையே காலி செய்துகொண்டு வர வேண்டும். கோட்டைக்குள் அரிசி போய்க்கொண்டிருந்தது. வெளியே இருந்த மொகலாயப் பட்டாளம் பட்டினி கிடந்தது. சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் என்று இரண்டு மராட்டியத் தளபதிகள் வெளியிலிருந்து வந்து முற்றுகை போட்டவர்களையே முற்றுகை போட்டார்கள். 1693-ல் ஜுல்பிகர் கான் மூட்டை முடிச்சோடு வந்தவாசிக்குப் பின்வாங்கினார். சாப்பாட்டுக்குத்தான்.

இதற்கு நடுவில் ஔரங்கசீப் தன் கடைசிப் பிள்ளை காம் பக்ஷை உதவிக்கு அனுப்பியிருந்தார். முதலாளி பையனை சைட்டுக்கு அனுப்பினால் என்ன நடக்கும்? பாதுஷா இறந்துவிட்டார் என்று ஒரு வதந்தி கிளம்பியது. இளவரசர் சட்டென்று எதிரி ராஜாராமோடு ரகசியமாகப் பேச ஆரம்பித்தார். தகவல் தெரிந்து ஜுல்பிகர் கானும் அவர் அப்பா ஆசாத் கானும் இளவரசரையே பிடித்துக் காவலில் வைத்தார்கள். பாதுஷாவோ கல்லுக்குண்டு மாதிரி உயிரோடு இருந்தார். இப்போது அப்பாவும் பிள்ளையுமாக உட்கார்ந்து, 'உங்கள் மகனை நாங்கள் சிறை வைத்திருக்கிறோம்' என்பதை மரியாதையாக எப்படி எழுதுவது என்று யோசிக்க வேண்டியதாகிவிட்டது.

உண்மையில் ஜுல்பிகர் கானுக்குக் கோட்டையைப் பிடிக்கிற அவசரமே இல்லை என்று அன்றைக்கே பேச்சு இருந்தது. ராஜாராமோடு உள்ளுக்குள் ஒரு புரிதல். பிராஜெக்ட் முடிந்தால் வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். இழுத்தால் படை, பணம், அதிகாரம் எல்லாம் கையில். தவிரவும் பாதுஷாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இன்றோ நாளையோ கிழவர் போய்விட்டால் தெற்கில் நாமே ராஜா என்று கணக்கு. கிழவர் 1707 வரை போகவில்லை.

கடைசியில் மேலிடத்துப் பிரஷர் தாங்காமல் 1698 ஆரம்பத்தில் கோட்டை விழுந்தது. விழுவதற்கு முன்னால் ராஜாராம் பத்திரமாக வேலூர்ப் பக்கம் போய்விட்டார். எட்டு வருஷமாக வலைவீசித் தேடப்பட்டவர், எப்படியோ சரியாக அந்த நேரம் பார்த்துக் கண்ணில் படவில்லை! அவர் குடும்பம்தான் உள்ளே மாட்டிக்கொண்டது. ஜுல்பிகர் கான் வெட்கப்பட்டாரா? அவர் பட்டமான நுஸ்ரத் ஜங் நினைவாகக் கோட்டைக்கு நுஸ்ரத்கட் என்று பெயர் வைக்கப் பார்த்தார்கள். ஊர்க்காரர்கள் செஞ்சி என்றே சொல்லிக்கொண்டிருந்துவிட்டார்கள்.

ராஜகிரி படியில் மூச்சு வாங்கும்போது தேசிங்கு ராஜனை நினைக்காமல் இருக்க முடியாது. நம் மக்கள் இவரைக் கதைப்பாட்டில் வைத்துக் கொண்டாடினார்கள், 1960-ல் எம்.ஜி.ஆரை வைத்துப் படமும் எடுத்தார்கள். வடக்கிலிருந்து வந்த புந்தேலாக்காரர், மொகலாயருக்குப் பின் கோட்டையை வைத்திருந்த சிரூப் சிங்கின் மகன். அப்பா போனதும் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் வரி பாக்கியைக் கேட்டார். இருபத்து சொச்ச வயது. பாக்கியா, எனக்கா? சண்டை.

இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்று, கீழே மதிலைப் பாருங்கள். ஜுல்பிகர் கானை ஏழு வருஷம் கஞ்சிக்கு அலையவிட்ட மதில். தேசிங்கு உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாலே நவாப் சலித்துப்போய்த் திரும்பியிருப்பார். ஆனால் உட்கார்ந்திருந்தவனைப் பற்றி யார் பாட்டுக் கட்டுவார்கள்? பாராசாரி என்ற குதிரையில் ஏறி, உயிர்த்தோழன் மகபத்கானோடு, சில நூறு பேரைக் கூட்டிக்கொண்டு வெட்டவெளிக்குப் போய் ஒரு பெரும்படையோடு மோதினார். 1714 அக்டோபர் 3. தோழனும் போனார், குதிரையும் போனது, அவரும் போனார். ராணி உடன்கட்டை ஏறினார். ஜெயித்த நவாப்பே மனசு கேட்காமல் அவள் பெயரால் ராணிப்பேட்டையை உண்டாக்கினார் என்பார்கள். முந்நூறு வருஷம் கழித்து இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் தேசிங்கு தெரியும்; ஜெயித்தவர் பெயரைக் கூகுளில்தான் தேட வேண்டும்.

1750-ல் பிரெஞ்சுக்காரர் புஸ்ஸி வந்தார். அதுவும் ராத்திரியில். எதிரியைத் துரத்திக்கொண்டே வந்து, வாசற்கதவை வெடிவைத்துத் தகர்த்து, விடிவதற்குள் மூன்று மலையையும் பிடித்துவிட்டார். விடிந்து வெளிச்சம் வந்ததும், பிடித்தவர்களே அண்ணாந்து பார்த்து, 'இதையா பிடித்தோம்?' என்று வாயைப் பிளந்தார்களாம். என் யோசனை, இருட்டில் பார்க்காமல் ஏறியதால்தான் ஏற முடிந்தது. நீங்கள் பகலில் போகிறீர்கள், நிமிர்ந்து பார்க்காமல் படியை மட்டும் பாருங்கள்.

பிடித்த சந்தோஷம் நீடிக்கவில்லை. பத்து வருஷத்தில் 1200 ஐரோப்பியச் சிப்பாய்கள் காய்ச்சலிலும் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமலும் போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு. 1761-ல் ஆங்கிலேயத் தளபதி ஸ்டீபன் ஸ்மித் வந்து சரணடையச் சொன்னபோது, உள்ளே பிரெஞ்சுக்காரர்களுக்காகக் காவல் இருந்தவர் மக்கிரெகர் என்ற ஸ்காட்லாந்துக்காரர். ஒரு லட்சம் பேரோடு வந்தாலும் மூன்று வருஷத்துக்குக் குறையாமல் ஆகும் என்று பஞ்ச் டயலாக் அடித்தார். ஏப்ரலில் சாவியைக் கொடுத்துவிட்டார்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ செஞ்சியை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. எந்தத் தலைப்பில்? இந்தியாவின் மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள். மொத்தம் 12 கோட்டை, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இது ஒன்றுதான். ஆரம்பித்த கோனார், கட்டிய நாயக்கர், பாட்டில் வாழ்கிற தேசிங்கு எல்லாரும் வரிசையில் நிற்க, 1677-லிருந்து 1698 வரை இருபத்தோரு வருஷம் குடியிருந்தவர்கள் பெயரில் பட்டா வந்துவிட்டது.

இன்றைய தேதிக்குக் கோட்டை யார் கையில் என்று கேட்டால், அதைச் சாப்பாட்டுப் பையோடு மேலே போனவர்களைக் கேளுங்கள். வால் உள்ள கோட்டைத் தலைவர்கள் மதில் மேல் உட்கார்ந்திருப்பார்கள். இவர்களிடம் பேரம் கிடையாது, பின்வாசல் கிடையாது, வதந்தியை நம்பிக் கட்சி மாறுகிற புத்தியும் கிடையாது. வாழைப்பழம் கேட்டால் கொடுத்துவிடுங்கள். தேசிங்கு மாதிரி ரோஷப்பட்டுப் பாக்கி வைத்தால் செல்போன் போய்விடும்.